ஆறு துண்டு

கமிஷன் வந்த அன்று ஹுவேதெர் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் ஹுவேதெர், பீர் காய்ச்சுவதில் கெட்டிக்காரர், வேறு எதிலும் இல்லை. அவர் மனைவி உன்னிசி. மகன் யாக்கு, வண்டி ஓட்டுகிறவன். மகள் உல்க்கா, இன்னும் கல்யாணமாகாதவள். பேத்தி லீசுக், இரண்டு வயது, இரண்டு கண்ணிலும் பீளை. எங்கள் கண் வைத்திய நிலையத்துக் கம்பவுண்டர் மெத்ரி. பட்டணத்திலிருந்து வந்த டாக்டர் கிளெபோவா. அப்புறம் நான், தெரெந்தி. நிலையத்தில் அடுப்பெரிப்பதும் தண்ணீர் காய வைப்பதும் ராக்காவலும் என் வேலை.

பதிவேட்டில் பெயர் இருந்தும் வீட்டில் இல்லாதவள் ஒருத்தி. யாக்குவின் மனைவி, லீசுக்கின் அம்மா, பினெர்பி. அவள் தோட்டக் கோடியில் இருந்த குளியல் குடிசைக்குள் இருந்தாள். அதன் பூட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ரஷ்யாவில் எங்கள் சுவாஷ் ஜனங்கள் இருக்கும் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கண்ணில் அந்த வியாதி. டாக்டர்கள் டிரக்கோமா என்பார்கள். இமைக்கு உள்பக்கம் ஜவ்வரிசி ஒட்டினாற்போலப் பரு கிளம்பும். பரு ஆறும்போது இமை சுருங்கி உள்ளே மடங்கும். மடங்கினால் இமைமயிர் கருவிழியை உரசும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு உரசல். கடைசியில் விழி பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். பிறகு உரசினாலும் ஒன்றுதான், உரசாவிட்டாலும் ஒன்றுதான். கசானில் கம்பவுண்டர் படிப்பை இரண்டாம் வருடம் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான் என்றாலும் இவ்வளவு எனக்குத் தெரியும்.

புதிய அரசாங்கம் வந்து ஒன்பதாம் வருடம், ஓடிப்போன பாதிரியாரின் வீட்டில் நிலையம் திறந்தார்கள். வாசலில் சிவப்புத் துணி கட்டி, ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். கூட்டத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்கள். மறுநாளிலிருந்து மெத்ரி ஒரு நாளைக்கு எண்பது பேர் பார்த்தார். இமையைத் திருப்பி, மயில்துத்தக் கல்லால் தேய்ப்பார். ஆட்கள் ஊளையிடுவார்கள். எண்பது பேருக்கும் ஒரே கல்தான். ஒருவருக்குத் தேய்த்ததும் கல்லைப் பஞ்சால் துடைப்பார். பஞ்சும் ஒன்றுதான். சாயங்காலம் அந்தப் பஞ்சை எடுத்து அடுப்பில் போடுவது நான். அது எரியாது, பொசுங்கும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வியாதி துண்டில் பரவுகிறது என்று மேலே கண்டுபிடித்தார்கள். அது உண்மை. ஆகவே ஆளுக்கொரு துண்டு என்று உத்தரவு வந்தது. வெள்ளைத் துணி பேல் பேலாக இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலால் பெயர் தைத்தார்கள். மெத்ரி வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துத் தெரியாதவர்கள் சிலுவை போட்டார்கள். ஹுவேதெர் வீட்டுக்கு ஆறு.

ஆகஸ்டில், துண்டில் துடைக்கிறார்களா என்று ஹுவேதெர் வீட்டில் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். உன்னிசி பாற்கட்டி பிழிந்துகொண்டிருந்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள், அதே ஏப்ரனால் லீசுக்கின் கண்ணைத் துடைத்தாள், மறுபடி பிழிய ஆரம்பித்தாள்.

சாமி மூலையில், பினெர்பி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பூவேலைத் துண்டுகளுக்குப் பக்கத்தில், அரசாங்கத் துண்டு ஆறும் வரிசையாகத் தொங்கின. ஆறுக்கும் ஆறு ஆணி. ஒன்றுகூட மடிப்புக் கலையவில்லை.

"என்ன அத்தை, அப்படியே தொங்குது?"

"அழகா இருக்குல்ல? தெற்குத் தெரு பெலகேயா வீட்டுல நாலுதான்டா. வந்து பாத்துட்டு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறா."

"இது தொங்க விடறதுக்கில்ல. மூஞ்சி துடைக்க."

"போடா கூறுகெட்டவனே. கவர்மெண்டு வச்ச சீர் இது. இதுல மூக்கச் சிந்தச் சொல்றியா? நாளைக்கு ஆள் வந்து, எங்கடி நாங்க குடுத்ததுன்னு கேட்டா, சளியும் பீளையுமா எடுத்துக் காட்டட்டா?"

எங்கள் சுவாஷ் வீடுகளில் அதுதான் வழக்கம். யார் கொடுத்த துண்டானாலும் சுவரில்தான் தொங்கும். அதில் முகம் துடைப்பது கொடுத்தவர் முகத்தில் துப்புவது மாதிரி. துடைக்கிற துண்டு வீட்டுக்கு ஒன்று. அது வேறு ஜாதி.

"அப்ப எதுல துடைக்கிறீங்க?"

அவள் மோவாயால் அடுப்புப் பக்கம் காட்டினாள். போய்ப் பார்த்தேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆணியில் அது தொங்கியது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். நடுவில் ஈரம், ஓரத்தில் காய்ந்து தகடு போலிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. ஈ கூட்டமாக எழுந்து மறுபடி அதிலேயே உட்கார்ந்தது.

"இத எடுத்து அடுப்புல போடுங்க அத்தை."

"வாயக் கழுவு. எங்க மாமியா காலத்துலருந்து ஒரே துண்டுல துடைக்கிற வீடு இது. ஒரே துண்டுல துடைக்கிற வீடு பிரியாது. இன்னைக்கு ஆளுக்கொரு துண்டுன்னா நாளைக்கு ஆளுக்கொரு அடுப்பும்பானுங்க. நீ கல்யாணமே பண்ணாதவன், உனக்கென்ன தெரியும்?"

அப்போது பினெர்பி உள்ளே வந்தாள். ஊறப்போட்ட சணலைக் குளத்திலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அழுகிய சணல் நாற்றம் அவளுக்கு முன்னால் வந்தது. கல்யாணமானவள் என்பதால் நெற்றியை மறைத்து சுர்பான் சுற்றியிருந்தாள். அந்த வெள்ளைத் தலைத்துணியின் நுனி கண்ணீரில் நனைந்து மஞ்சளாகியிருந்தது. இடது கண் போன வருடமே வெளுத்துவிட்டது. வலது கண்ணைத் திறக்க அவளுக்குக் கஷ்டம். தலையைப் பின்னால் சாய்த்து, கோழி தண்ணீர் குடிப்பது போல, இமைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"தெரெந்தி அண்ணனா? குரல வச்சுச் சொல்றேன்."

"வலது கண்ணு எப்படிம்மா?"

"மணல் போட்டாப்புல. காலையில அத்தை நாக்கால நக்கி எடுத்து விடறாங்க. கொஞ்ச நேரம் சொகமா இருக்கு."

உன்னிசி பெருமையாகத் தலையாட்டினாள். "நான் நக்குனா பத்து நாழி தாங்கும். லீசுக்குக்கும் நாந்தான்."

நான் வெளியே வந்து வேலியோரம் துப்பினேன். அருவருப்பாக இருந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த நாக்கு அன்போடுதான் நக்கியது.

பினெர்பி பின்னாலேயே வந்தாள். "அண்ணே, பட்டணத்துல இமையக் கீறி வெளிய திருப்பிக் கட்டறாங்களாமே?"

"ஆமா. வசந்தத்துலருந்து வார்டு நடக்குது. சீட்டு வேணும்."

"கம்பவுண்டர் குடுக்க மாட்டேங்கறாரே. கேட்டா, கல்லு தேச்சாப் போதும்ங்கறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "லீசுக் மூஞ்சி இப்பவே கிட்ட வந்தாத்தான் தெரியுது. சேறு போடறதுக்குள்ள போகலன்னா எனக்கு அதுவும் போயிடும்ணே."

அவள் சொன்னது சரி. அக்டோபர் முதல் வாரத்தில் மழை பிடித்தால், பனி இறுகும்வரை எங்கள் ஊருக்குப் பாதை கிடையாது. வண்டி அச்சுவரை புதையும். அது கிட்டத்தட்ட இரண்டு மாதம். அதில் பாதிகூட அவள் கண் தாங்காது.

மெத்ரி ஏன் சீட்டு எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டணத்துக்குப் போன அறிக்கையை நான்தான் உறையில் ஒட்டினேன். ஆளுக்கொரு துண்டு: நூற்றுக்கு நூறு. மூன்றாம் நிலை, அதாவது இமை மடங்கிய நோயாளிகள்: இல்லை. இல்லாத நோயாளிக்கு எப்படிச் சீட்டு எழுதுவது?

செப்டம்பர் கடைசியில் கமிஷன் வருகிறது என்று தகவல் வந்தது. ஹுவேதெர் வீட்டைத்தான் காட்டப்போவதாக மெத்ரி முடிவு செய்தார். ஆறு துண்டு பளிச்சென்று தொங்கும் வீடு வேறு எங்கே இருக்கிறது? முந்தின நாள் மத்தியானம் அவரோடு நானும் போனேன். பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவைக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். கசந்த வாசனை. ஹுவேதெர் மரக் கிண்ணத்தில் பீர் ஊற்றினார். ஒரு கிண்ணம்தான். அது வட்டமாகச் சுற்றி வந்தது.

"நாளைக்கு பினெர்பிய மட்டும் கண்ணுல காட்டாதீங்க" என்றார் மெத்ரி. "குளியல் குடிசையில ஒரு அரை நாள் இருக்கட்டும்."

ஹுவேதெர் மீசையைத் துடைத்தார். "டாக்டர் வர்றதே கண்ணு பாக்கத்தானே கம்பவுண்டரய்யா?"

"மாமா, உங்களுக்குப் புரியாது. ஒரு மூணாம் நிலையப் பாத்தா, மெத்ரி சரியில்லைம்பாங்க. நம்ம கண்ணு ஸ்டேஷன மூடிட்டு வேற வட்டாரத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்ப ஊருக்குக் கல்லும் இல்ல, துண்டும் இல்ல."

"துண்டையும் புடுங்கிருவாங்களா?" உன்னிசி பதறினாள்.

"பின்ன? பனி எறுகட்டும். சறுக்கு வண்டியில அவள நானே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மாசம்."

யாக்கு தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். "ரெண்டு மாசம் தாங்குமாண்ணே?"

"தாங்காது" என்றேன்.

"பாரு, யாரக் கேக்கறான் பாரு" என்று மெத்ரி தொடையில் தட்டினார். "படிப்பப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தவன். இவன் பொழைக்க வெச்ச ஒரே உசுரு நம்ம ஸ்டேஷன் அடுப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணம் என்னிடம் வந்தது, குடித்தேன். விளிம்பில் யாருடைய எச்சிலோ கொழகொழவென்று இருந்தது.

"சாவி தெரெந்திகிட்ட இருக்கட்டும்" என்றார் மெத்ரி. "உங்கள்ள எவனாவது குடிச்சிட்டுத் திறந்து விட்டுருவீங்க."

மறுநாள் காலையில் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். குளியல் குடிசைக்குப் புகைபோக்கி கிடையாது. சுவரெல்லாம் கரி. பினெர்பி வாசலில் நின்று தலையைச் சாய்த்து என்னைத் தேடினாள்.

"அண்ணே, பட்டணத்து ஆம்பளைங்க வந்து சுர்பானக் கழட்டச் சொல்வாங்க, அசிங்கம்னு அத்தை சொல்றாங்க. நெசமா?"

"டாக்டர் பொம்பளைதான்."

"அப்பறம் எதுக்கு என்ன ஒளிச்சு வெக்கறீங்க?"

நான் பூட்டினேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு தடவை திருப்ப வேண்டியிருந்தது.

டாக்டர் கிளெபோவா ஐம்பது வயதுக்காரர். முழங்கால்வரை சேறு. எங்கள் பேச்சு அவருக்குத் தெரியும், உடைத்து உடைத்துப் பேசுவார். மூன்று நாளாக ஊர் ஊராகப் போய் இமை திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் சாமி மூலையைப் பார்த்தார். மெத்ரி ஒவ்வொரு துண்டாகப் பெயர் படித்துக் காட்டினார். டாக்டர் தன் ஏட்டில் ஆறு கோடு போட்டார்.

ஹுவேதெர், உன்னிசி, யாக்கு, உல்க்கா கண்களைப் பார்த்தார். எல்லோருக்கும் இருந்தது, முதல் நிலை, இரண்டாம் நிலை. லீசுக் வீறிட்டது. "பினெர்பி எங்கே?" என்று கேட்டார்.

"பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் மெத்ரி, யாரும் வாய் திறக்கும் முன்னால்.

"சரி. கை கழுவணும்."

உன்னிசி சருவத்தில் வெந்நீர் ஊற்றினாள். டாக்டர் சோப்பை எடுத்துக் கையைக் கழுவினார். முகத்தில் சேறு தெறித்திருந்ததால் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினார். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையை நீட்டினார்.

எங்கள் வீடுகளில் மதிப்பான விருந்தாளிக்குச் சுவர்த் துண்டைக் கொடுப்பது கிடையாது. அது அந்நியருக்குச் சீராகக் கொடுக்க, செத்தவருக்குப் போர்த்த. மனசுக்குப் பிடித்தவருக்கு வீட்டுத் துண்டு. அதில் துடைத்தால் அவர் அந்த வீட்டு ஆள். உன்னிசி அடுப்புக்குப் பின்னால் போனாள். மெத்ரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்து, "அத்தை, அது வேணாம்" என்று கத்துவதற்குள் அவள் அதை டாக்டர் கையில் இரண்டு கையாலும் வைத்துவிட்டாள்.

டாக்டர் முகத்தைத் துடைத்தார். நன்றாக, அழுத்தி, கண்ணைத் துடைத்தார்.

பிறகு நின்றுவிட்டார். துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போவது தெரிந்தது. மெதுவாக இறக்கி, விரித்துப் பார்த்தார். இமையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. உல்க்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாரோடது?"

"எல்லாருதும்தான்" என்றாள் உன்னிசி சந்தோஷமாக. "இப்ப உங்களுதும்."

டாக்டர் என்னிடம் போரிக் தண்ணீர் கேட்டார். என் பையிலிருந்த புட்டியை எடுத்து ஊற்றினேன். குனிந்து கண்ணைக் கழுவிக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாத குரலில் கேட்டார். "சுவர்ல தொங்குற ஆறும்?"

"அத ஒருத்தரும் தொடல டாக்டரம்மா. சத்தியமா. நீங்க குடுத்த மாதிரியே இருக்கு."

மெத்ரி இருமினார். டாக்டர் பென்சிலை எடுத்து ஆறு கோட்டையும் ஒரே இழுப்பில் அடித்தார். பிறகு பையை மூடிக் கிளம்பப் பார்த்தார். கிளம்பியிருப்பார். நான் சாவியை வைத்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். இதை எழுதும்போதுகூட அதை மாற்றிச் சொல்ல எனக்கு ஆசை உண்டு. ஆனால் சும்மாதான் நின்றேன். யாக்குவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உன்னிசிதான் வழி மறித்தாள்.

"இருங்க. இந்த வீட்டுத் துண்டுல துடைச்சிட்டீங்க. நம்ம வீட்டு ஆளுகிட்டப் பொய் சொன்னா வீடு வெளங்காது." என் பக்கம் திரும்பினாள். "டேய் தெரெந்தி, சாவியக் குடுடா."

"அத்தை, யோசிச்சுப் பேசுங்க" என்றார் மெத்ரி.

"நீ சும்மா இரு. உனக்கு நான் அந்தத் துண்டக் குடுத்ததே இல்ல."

குடிசைக் கதவைத் திறந்தபோது பினெர்பி தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் கையால் கண்ணை மறைத்தாள். டாக்டர் அங்கேயே மண்டியிட்டு இமையைத் திருப்பினார். பார்த்தார். மெத்ரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முழங்காலில் வைத்தே சீட்டு எழுதினார்.

"நாளைக்கே. மழைக்கு முன்னால. இந்த ஒரு கண்ணாவது மிஞ்சும்."

வாசலில் நான் அவரிடம் கேட்டேன். "மெத்ரியப் பத்தி எழுதுவீங்களா?"

"எழுதினா ஸ்டேஷன மூடுவாங்க. அப்பறம் அந்த ஒரு கல்லும் இருக்காது." இமையைக் கசக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எண்பது பேருக்கு ஒரு கல்லுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறே? எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். யாக்கு வண்டி ஓட்டினான். சீட்டும் ரஷ்யப் பேச்சும் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். உன்னிசி ஒரு கருப்பு ரொட்டியும் பாற்கட்டியும் கட்டிக் கொடுத்தாள். கடைசி நிமிடத்தில் உள்ளே ஓடி, சாமி மூலையிலிருந்து பினெர்பி பெயர் தைத்த துண்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சுவரில் ஒரு ஆணி காலியானது.

"நம்மளுத யாரும் கொற சொல்லக் கூடாது. இதுல துடைச்சுக்க. அந்தம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்களே."

"அழுக்காயிருமே அத்தை."

"ஆனா ஆகட்டும் போ." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லீசுக்கைக் கடைசியாக ஒரு தடவை பினெர்பியின் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

வழி முழுக்கத் தூறல். மேட்டில் யாக்குவும் நானும் இறங்கித் தள்ளினோம். பினெர்பி துண்டைச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்திருந்தாள், நனையாமல். நடுவில் ஒரு தடவை கேட்டாள்.

"உள்ள எப்படிண்ணே இருக்கும்?"

"சுத்தமா இருக்கும். வெள்ளைச் சுவரு. புகை இருக்காது."

"ஒவ்வொருத்தருக்கும் தனிக் கட்டிலா?"

"தனிக் கட்டில்."

"யாக்கு, கேட்டியா? எனக்குத் தனிக் கட்டில்."

"ராத்திரி உருண்டு விழாம இரு" என்றான் யாக்கு.

வார்டு ஒரு வியாபாரியின் பழைய வீட்டு மாடியில். யாக்கு குதிரையோடு கீழே நின்றான். மாடிக் கதவுக்கு இரும்புப் பட்டை. தட்டியதும் கனமான ஒரு ஆயாம்மா திறந்தாள், இடுப்பில் சாவிக்கொத்து. சீட்டை வாங்கித் தலைகீழாகப் பார்த்து, நேராகப் பிடித்து, பையில் போட்டுக்கொண்டாள்.

"தலைத்துணியக் கழட்டச் சொல்லு. பேன் பாக்கணும். கொதிக்க வெக்கணும்."

நான் சொன்னேன். பினெர்பி சுர்பான் முடிச்சில் கை வைத்தாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்கண்ணே." திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தலை மிகச் சிறியதாக இருந்தது.

"வயித்துல என்ன?"

"துண்டு. அவ பேர் தைச்சது. கவர்மெண்டு குடுத்தது."

ஆயாம்மா அதைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். "வெளிப் பொருள் உள்ள போகக் கூடாது. கிருமி."

பினெர்பி சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். "என்னண்ணே சொல்றாங்க?"

"இத வீட்டுக்கே கொண்டு போகச் சொல்றாங்க."

"நல்லதாப் போச்சு. அத்தைகிட்டக் குடுத்துருங்க. அழுக்காகலன்னு சொல்லுங்க." அவள் சுவரைத் தடவி உள்ளே போனாள். "கழுவற இடம் எங்கன்னு கேளுங்க. வழியெல்லாம் சேறு."

ஆயாம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். கதவுக்கு நேரெதிரே தகரத் தொட்டி. அதைச் சுற்றிக் கண் கட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பினெர்பி தொட்டியைத் தடவிக் கண்டுபிடித்தாள். குனிந்து முகத்தைக் கழுவினாள், டாக்டர் கழுவியதைப் போலவே, நன்றாக. தொட்டிக்கு மேலே ஒரு ஆணி இருந்தது. அதில் ஒரு துண்டு தொங்கியது. நடுவில் ஈரம், ஓரத்தில் தகடு.

"அம்மா, உள்ள ஒரே துண்டுதான் இருக்கு" என்றேன்.

"இருபத்திரெண்டு கட்டிலு. மாசத்துக்கு மூணு துண்டு அனுப்பறானுங்க. நான் என்ன நெய்யவா முடியும்?"

"அப்ப இதையாவது அவகிட்டக் குடுங்க. சுத்தமானது. ஒருத்தரும் தொடாதது."

"சட்டம் சட்டந்தான். தள்ளு, காத்து வருது."

பினெர்பி கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையைச் சுவரில் மேலே மேலே நகர்த்தி ஆணியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆயாம்மா என் மார்பில் கை வைத்துத் தள்ளி, கதவைச் சாத்தி, உள்ளிருந்து இரண்டு சுற்றுப் பூட்டினாள்.